பெரியப்பா வாய் திறந்த கல்யாணம்

எங்கள் ஆலயத்தில் கல்யாணம் செய்துகொண்ட பெண்கள் யாரும் நடந்து வந்ததில்லை. ஓடித்தான் வந்திருக்கிறார்கள். வாசலிலிருந்து பீடம் வரைக்கும், கடைசி பஸ் கிளம்புகிறது என்று யாரோ காதில் சொல்லிவிட்ட மாதிரி ஒரு வேகம். மாப்பிள்ளை மனம் மாறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்ற முன்யோசனையாகவும் இருக்கலாம். எனக்கு இதில் ஆட்சேபணை இல்லை. என் அக்காவுக்கு இருந்தது. அவள்தான் அங்கே ஆர்கன் வாசிப்பவள்.

மணமகள் உள்ளே வரும்போது வாசிப்பதற்கென்று ஓர் இசை இருக்கிறது. நாங்கள் அதை ‘நடை’ என்போம். யாரோ ஒரு பொறுமைசாலி அதை நாலு பக்கத்துக்கு எழுதிவைத்திருக்கிறார். எங்கள் மணப்பெண்களோ முதல் பக்கம் முடிவதற்குள் பீடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார்கள். உடனே போதகர் ஆர்கன் இருக்கும் மாடத்தைப் பார்த்துத் தலையாட்டுவார். இசை எந்த உயரத்தில் பறந்துகொண்டிருந்தாலும் அக்கா அந்த நிமிஷமே தரையிறக்கியாக வேண்டும். காலில் மாவுக்கட்டுப் போட்டிருந்த ஒரே ஒரு பெண் மூன்றாவது பக்கம் வரை தாக்குப்பிடித்தாள். இன்றைக்கும் அவளைப் பற்றிப் பேசும்போது அக்கா மரியாதையாகக் குரலைத் தாழ்த்திக்கொள்வாள்.

நாலாவது பக்கத்தை எந்தக் கல்யாணமும் பார்த்ததில்லை.

அந்தப் பக்கத்தின் கடைசி வரியில்தான் பெரியப்பா இருக்கிறார். பெரியப்பா என்பது, மோட்டார் ஊதும் காற்றில் ஒலிக்கிற ஆர்கன் குழாய்களிலேயே பெரிய குழாய்க்கு நாங்கள் வைத்த பெயர். உத்தரம் வரைக்கும் உயரம், ஓர் ஆள் உள்ளே போய்த் தூங்கலாம் போன்ற சுற்றளவு. மூலையில் நிற்பார், யாரோடும் பேச மாட்டார், ஆனால் அவர் இல்லாமல் குடும்பப் படம் நிறையாது. எங்கள் நிஜப் பெரியப்பாவும் அப்படித்தான். இந்த விஷயம் அவருக்குத் தெரியாது.

ஆராதனைப் பாட்டு எதற்கும் அவ்வளவு அடிக்குரல் தேவைப்படுவதில்லை. நடையின் கடைசி வரிக்கு மட்டும்தான் அவர் வேண்டும். என்றைக்கோ ஒருமுறை அக்கா தனியாக அதை வாசித்துப் பார்த்திருக்கிறாள். ஆனால் பெரியப்பாவின் குரல் மாடத்தில் இருப்பவருக்குக் கேட்காது. உட்காரும் பலகை லேசாக நடுங்கும், அவ்வளவுதான். சத்தம் மொத்தமும் கீழே போய்த்தான் விழும். ஊருக்கெல்லாம் சமைத்துப் போட்டு, தான் மட்டும் ஒரு வாய் சாப்பிடாதவள் மாதிரி அக்கா அங்கே உட்கார்ந்திருந்தாள்.

நான் அவளுக்குத் தாள் திருப்புகிறவன். இரண்டு கையும் இரண்டு காலும் வேலையாக இருக்கிற ஒருத்திக்கு, பக்கம் முடியும்போது திருப்பிவிட ஓர் ஆள் வேண்டும். அவள் மோவாயை ஒரு விரற்கடை மேலே தூக்குவாள். நான் திருப்ப வேண்டும். முந்தினாலும் உதை, பிந்தினாலும் உதை. மீசை முளைப்பதற்கு முன்னாலிருந்து இதைச் செய்து செய்து, வீட்டில் அவள் உப்பு டப்பாவைக் காட்டி மோவாயைத் தூக்கினால்கூட நான் அப்பா படித்துக்கொண்டிருக்கும் செய்தித்தாளைத் திருப்பிவிடுவேன்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். மாடம் பீடத்துக்குப் பக்கவாட்டில், உயரத்தில் இருக்கிறது. வாசிப்பவர் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். அதனால் ஸ்கூட்டரில் இருக்கும் பக்கக் கண்ணாடி ஒன்றை அப்பா கம்பி வைத்து ஆர்கனில் கட்டிக்கொடுத்திருந்தார். ஊர்க் கல்யாணங்கள் அத்தனையையும் அக்கா ஓர் உள்ளங்கை அகலக் கண்ணாடியில்தான் பார்த்திருக்கிறாள். ‘இதில் தெரிபவை தெரிவதைவிட அருகில் உள்ளன’ என்று அதன் அடியில் அச்சடித்திருக்கும். ஒரு கல்யாணத்தில் கூட்டம் மொத்தமும் திரும்பி வாசலில் மணமகளைப் பார்க்க, மாப்பிள்ளைத் தோழன் மட்டும் அண்ணாந்து மாடத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததும் அந்தக் கண்ணாடியில்தான் தெரிந்தது.

கல்யாணம் முடிந்ததும் அந்த ஆள் படியேறி மேலே வந்தார். அக்கா தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள்.

“மேடம், காத்து லீக்காகுது,” என்றார். “மோட்டார் பெல்ட்டும் தேஞ்சிருக்கு. அங்கேருந்தே கேட்டுச்சு.”

அவர் பம்பு மெக்கானிக். ஒரு பாட்டுக்கும் இன்னொரு பாட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் இத்தனை வருஷத்தில் ஆர்கனைப் பற்றி ஒருவர் சொன்ன உருப்படியான வார்த்தை அதுதான் என்று அக்கா சொன்னாள். அந்த லீக்கை அடைக்க அவர் வாரக்கணக்கில் வந்தார். அடைத்த பிறகும் வந்தார். கண்ணாடி சொன்னது உண்மைதான். தெரிந்ததைவிட அருகில்தான் இருந்தார்.

அக்காவுக்கும் அவருக்கும் கல்யாணம் நிச்சயமானதும், என்ன வேண்டும் என்று அம்மா கேட்டாள்.

“நாலாவது பக்கம்,” என்றாள் அக்கா. “கீழே நின்னு, முழுசா கேக்கணும். வேற எதுவும் வேண்டாம்.”

“எல்லா வீட்டுலயும் பொண்ணு நகை கேக்குது. இவ பாரு, பக்கம் கேக்குறா.”

“அதுக்கு என்ன, ஒரு நாள் இவனை வாசிக்கச் சொல்லிட்டுக் கீழே போய்க் கேளேன்,” என்றார் அப்பா.

“ஒத்திகையில கேட்டா அது ஒத்திகைப்பா. என் கல்யாணத்துல கேக்கணும்.”

வாசிப்பது யார் என்ற கேள்வி வந்தது. பக்கத்து ஆலயத்து ஆர்கன் மாஸ்டரைக் கூப்பிடலாம் என்றார் போதகர். அக்கா கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிட்டாள். அவர் துரிதமான பாட்டை எடுத்தாலும் கூட்டத்தில் பாதி உட்கார்ந்துவிடும், மீதி தூங்கிவிடும். மிச்சமிருந்தது நான். எனக்குக் கை ஓரளவு வரும். கால் வராது. ஆர்கனின் அடியில் வரிசையாகக் கட்டைகள் இருக்கும்; குனிந்து பார்க்காமல் அவற்றைக் காலால் மிதித்து அடிக்குரல் எழுப்ப வேண்டும். கல்லூரி விட்டு வந்ததும் அக்காவின் மெல்லிய அடி வைத்த கறுப்புக் காலணியை மாட்டிக்கொண்டு, மோட்டாரைப் போடாமல் தினமும் மிதித்தேன். சாயங்காலம் எங்கே போகிறாய் என்று கல்லூரியில் கேட்டவர்களிடம் நடனம் கற்றுக்கொள்வதாகச் சொன்னேன். அது கொஞ்சம் குறைவான அவமானமாகத் தெரிந்தது.

ஆனால் நாலாவது பக்கத்துக்கு நிஜமான எதிரி நானில்லை. அப்பா. அப்பா தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க நாய்களுக்கு முன்னால் நடந்தவர். அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் அக்கா வர வேண்டும். அதனால் வீட்டில் ஒத்திகை நடந்தது: நான் சாப்பாட்டு மேஜையில் தாளம் போட, அவர்கள் இருவரும் சமையலறையிலிருந்து குளியலறை வரை நடப்பார்கள். நான் இரண்டாவது வரியில் இருக்கும்போது அப்பா குளியலறைக்குள் போய் விளக்கைப் போட்டிருப்பார்.

“அப்பா, யாரும் துரத்தலப்பா.”

“மெதுவாத்தாம்மா வந்தேன்.”

“இதுவா மெதுவு? கொலுசு போட்டிருந்தா கழண்டு போயிருக்கும்.”

கல்யாணத்தன்று, வேகம் குறையட்டும் என்று அப்பாவின் காலணிக்குள் கனமான தோல் அட்டை ஒன்றை அக்கா திணித்துவைத்தாள். கூடவே என்னிடம், “எது நடந்தாலும் நாலாவது பக்கத்தை முடிக்காம எந்திரிக்காதே. கூரை இடிஞ்சாலும் சரி,” என்றாள்.

“போதகர் தலையாட்டினா?”

“அவர் எப்பவும் ஆட்டிக்கிட்டுத்தான் இருப்பார்.”

நான் மாடத்தில் ஏறி உட்கார்ந்தேன். மணமகள் வந்து சேரும்வரை மெல்லிசாக ஒன்று வாசித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தத் தாளைத் திருப்பினால் அடுத்தது நடை. மணமகள் வெளியே படிக்கட்டில் நிற்பது கண்ணாடியில் தெரியாது என்பதால், வாசலில் மணியண்ணன் நிற்பார். ஆலயத்து மணி அடிப்பதால் மணியண்ணன். சொந்தப் பெயர் என்ன என்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. மணமகள் தயாரானதும் அவர் வெள்ளைக் கைக்குட்டையைத் தூக்கிக் காட்டுவார். நான் நடையை ஆரம்பிப்பேன். கூட்டம் எழுந்து நிற்கும். தலைமுறை தலைமுறையாக ஓடிக்கொண்டிருக்கிற ஏற்பாடு. அதில் ஒரே ஒரு ஓட்டை, மணியண்ணனுக்குச் சளி பிடிக்கக் கூடாது.

பிடித்திருந்தது.

ரயில்வே கேட் மூடியிருந்ததால் அக்காவின் கார் தாமதம். நான் மெல்லிசை வாசித்தேன், மறுபடி வாசித்தேன். கண்ணாடியில் மணியண்ணன் முகம் கோணிக்கொண்டு போவது தெரிந்தது. கைக்குட்டை மேலே வந்தது. தாளைத் திருப்பினேன். நடை ஆரம்பித்தது. கூட்டம் மொத்தமும் சரசரவென்று எழுந்து வாசலைப் பார்த்தது.

மணியண்ணன் தும்மினார்.

அதே நேரம் வாசலில் நுழைந்தவர், கார் நிறுத்த இடம் தேடிப் பிந்திப்போன மாப்பிள்ளையின் தாய்மாமா. எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள், ஆர்கன் முழங்குகிறது. அவர் ஒரு நிமிஷம் திகைத்தார். பிறகு, இவ்வளவு நாள் கழித்தாவது உலகம் தன்னைப் புரிந்துகொண்டதே என்ற முகத்தோடு கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். நடுப்பாதையில் இறங்கினார். இரண்டு பக்கமும் கையசைத்து, “உக்காருங்க, உக்காருங்க, எதுக்கு இதெல்லாம்,” என்று சொல்லிக்கொண்டே வந்தார். எங்கள் ஆலய வரலாற்றிலேயே அவ்வளவு நிதானமாக யாரும் நடந்ததில்லை. அவரை மட்டும் விட்டிருந்தால் மூன்றாவது பக்கத்தைத் தொட்டிருப்பார். போதகர் அவசரமாகத் தலையாட்டியதால் நான் நிறுத்தினேன். மாமா முதல் வரிசையில், பெரியப்பாவுக்கு நேர் கீழே, திருப்தியாக உட்கார்ந்தார்.

மெல்லிசைக்குத் திரும்பினேன். ஒன்றும் நடக்காத மாதிரி வாசிப்பது எங்கள் தொழிலில் முக்கியமான பாடம்.

மறுபடி கைக்குட்டை. மறுபடி நடை. கூட்டம் எழுந்தது. இந்த முறை மணியண்ணன் நெற்றியைத்தான் துடைத்திருக்கிறார். உள்ளே வந்தது, குழந்தையைக் கழிப்பறைக்குக் கூட்டிப் போய்த் திரும்பிய ஓர் அம்மா. குழந்தை கைதட்டியது. முதல் வரிசையில் மாமா, இதெல்லாம் எல்லோருக்கும் செய்கிறார்களா என்ற ஏமாற்றத்தோடு திரும்பிப் பார்த்தார்.

அதோடு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இனி அந்தக் கைக்குட்டைக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

மூன்றாவது முறை கைக்குட்டை மேலே வந்தது. நான் மெல்லிசை வாசித்தேன். கைக்குட்டை ஆடியது. வாசித்தேன். மணியண்ணன் இரண்டு கையாலும் அதைப் பிடித்து, ரயிலை நிறுத்துகிறவர் மாதிரி வீசினார். பாவம், பலமான தும்மல்போல என்று நினைத்துக்கொண்டேன். கூட்டமும் அப்படித்தான் நினைத்தது, யாரும் எழவில்லை. மாடத்தின் ஓரத்தில் மேலிருந்து படமெடுக்க வந்து நின்ற போட்டோக்காரர், “தம்பி, அவரு உங்களைத்தான் கூப்பிடுறாரோ?” என்றார்.

“அண்ணே, மூக்கைச் சிந்துறாரு. விடுங்க.”

வாசல் நிழலிலிருந்து ஒரு வெள்ளை உருவம் ஓரடி முன்னால் வந்தது. ஆலயத்தில் எந்த இடத்தில் நின்றால் இந்தக் கண்ணாடிக்குள் வரலாம் என்று உலகத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும். முகத்திரையை விலக்கினாள். கண்ணாடியில் பொட்டளவு முகம்.

மோவாய் ஒரு விரற்கடை மேலே போனது.

நான் யோசிக்கவில்லை. யோசிக்க எனக்கு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. என் கை தானாகப் போய்த் தாளைத் திருப்பியது. திருப்பிய இடத்தில் நடை இருந்தது.

கூட்டம் சந்தேகத்தோடு, தவணை முறையில் எழுந்தது. அப்பா வலது காலை எடுத்துவைத்தார். தோல் அட்டை போன இடம் தெரியவில்லை. இரண்டே எட்டில் தபால் வேகம் வந்துவிட்டது. அக்கா அவர் கையைப் பிடித்துப் பின்னால் சாய்ந்தாள். மேலிருந்து பார்க்க, ஒரு பெண் முரட்டுக் குதிரை ஒன்றைச் சந்தைக்கு ஓட்டி வருகிற மாதிரி இருந்தது. முதல் பக்கம் முடிந்தபோது கால்வாசித் தூரம் வந்திருந்தார்கள். இரண்டாவது பக்கம் முடிந்தபோது பாதி. நானே ஒரு கையை விட்டுத் தாளைத் திருப்பிச் சமாளித்தேன். மூன்றாவது பக்கத்தின் நடுவில் அப்பா ஒரு இழு இழுத்தார்; சரசரவென்று முக்கால் தூரம் போய்விட்டது. இன்னும் பத்துப் பன்னிரண்டு எட்டு வைத்தால் பீடம். நாலாவது பக்கம் அவ்வளவுதான் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் இடது கால் வேறு கட்டையை மிதித்தது.

அக்கா நின்றுவிட்டாள்.

மெதுவாக நடக்கவில்லை, நின்றேவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு, நடுப்பாதையில், பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி. அப்பா கையை இழுத்தார். அசையவில்லை. “பொண்ணு நின்னுடுச்சு” என்ற செய்தி வரிசை வரிசையாகப் பின்னால் போவது கண்ணாடியில் தலைகளின் அசைவாகத் தெரிந்தது. கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ந்தபோது அது “பொண்ணு மாட்டேன்னுடுச்சாம்” ஆகியிருந்தது. அம்மா நெஞ்சில் கைவைத்தாள். போதகர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நான் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுத்தேன்.

மூன்றாவது பக்கத்தின் கடைசி வரி. அங்கே இரண்டு கையும் இரண்டு காலும் ஒரே நேரத்தில் வேண்டும். ஒரு விரலைக்கூட எடுக்க முடியாது. அக்கா வாசிக்கும்போது அந்த இடத்தில் நான் இருப்பேன். இப்போது நான் வாசிக்கிறேன். என் இடத்தில் யாருமில்லை. பயிற்சியின்போது நான் கேட்காமலே அக்கா திருப்பிவிட்டுக்கொண்டிருந்தாள். இவ்வளவு மாதம் பயிற்சி செய்த இரண்டு பேருக்கும் இது ஏன் தோன்றவில்லை என்றால், தாள் திருப்புகிறவனை யாரும் ஒரு ஆளாகக் கணக்கில் எடுப்பதில்லை, நானும் சேர்த்துத்தான்.

“அண்ணே! தாளைத் திருப்புங்க!”

“நானா?” என்றார் போட்டோக்காரர்.

“பின்ன நானா? எனக்குக் கை கால் எல்லாம் வேலையா இருக்கு!”

“தம்பி, பொண்ணு நின்னுட்டிருக்கு, இந்த மாதிரி படம் ஜென்மத்துக்கும் கிடைக்காது.”

“அவ நிக்கிறதே இந்தத் தாளுக்காகத்தாண்ணே!”

“எப்போ திருப்பணும்?”

“மோவாயைத் தூக்குவேன். தூக்கினதும்.”

வாழ்க்கையில் முதல் தடவையாக நான் மோவாயைத் தூக்கினேன். போட்டோக்காரர் என் முகத்துக்கு நேராகக் காமிராவை வைத்துப் பளிச்சென்று ஒரு படம் எடுத்தார். தொழில் புத்தி. கண்ணுக்குள் வெள்ளையாக ஒரு தட்டு சுழன்றது. “தாளு! தாளு!” என்று கத்தினேன். “அட ஆமா,” என்று திருப்பினார்.

நாலாவது பக்கம் சலவைச் சட்டை மாதிரி மொடமொடவென்றிருந்தது.

முதலில் கைகள் அடங்கின. ஆரம்பத்தில் தடபுடலாக வந்த அதே ராகம், இப்போது ஒரே ஒரு மெல்லிய குழாயில், யாரோ வேலை முடித்து வீட்டுக்குப் போகும்போது முணுமுணுக்கிற மாதிரி வந்தது. கீழே பேச்சு நின்றது. மாப்பிள்ளை, வழக்கம்போல, எல்லோரும் பெண்ணைப் பார்க்கும்போது மாடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண் மாட்டேன் என்று சொல்லிவிட்டாள் என்ற செய்தி அவரையும் எட்டியிருக்கும். அவர் கையைக் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்து, மோட்டாரைச் சோதிக்கிறவர் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசி வரி. இடது காலை ஓரத்துக் கட்டைவரை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு மிதித்தேன்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பலகை நடுங்கியது. ஆனால் கண்ணாடி நடுங்கியதில் கூட்டம் மொத்தமும் தண்ணீரில் தெரிவது மாதிரி அலைந்தது. ஜன்னல்கள் கிர்ரென்றன. கைக்குழந்தைகள் அழுகையை நிறுத்தின. எத்தனையோ வருஷத் தூசியும் புறா இறகும் பெரியப்பாவின் வாயிலிருந்து கிளம்பி, வெயிலில் மின்னிக்கொண்டே இறங்கி, முதல் வரிசையில் மாமாவின் தலையில் அமர்ந்தன. அவர் இதையும் மரியாதையாகத்தான் எடுத்துக்கொண்டார். அக்கா மட்டும் கண்ணைத் திறக்கவில்லை. இரண்டு உள்ளங்கையையும் வயிற்றில் வைத்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி நின்றாள். அவள் வாய் திறந்திருந்தும் ஒரு குறை சொல்லாமல் இருந்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

காலை எடுத்தேன். முடிந்தது. நாலு பக்கமும் முடிந்தது.

ஆனால் பெண் இன்னும் வந்து சேரவில்லை. பீடத்துக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு எட்டு மிச்சம் இருக்கிறது; இசை மிச்சம் இல்லை. எல்லோரும் என்னை அண்ணாந்து பார்த்தார்கள். நான் போட்டோக்காரரைப் பார்த்தேன். அவர் அடுத்த தாள் இருக்கிறதா என்று தேடினார்.

பெரியப்பாவின் தூசி மெல்ல மெல்ல வாசல்வரை மிதந்துபோனது. மணியண்ணன் முகம் கோணியது. கைக்குட்டை மேலே வந்தது.

பேச்சுவார்த்தை இல்லை என்று முடிவெடுத்தது நான்தான். என் கைகளிடம் யாரும் சொல்லவில்லை. அவை பாட்டுக்கு முதல் பக்கத்தை, முதல் வரியிலிருந்து, முழு முழக்கமாக ஆரம்பித்துவிட்டன. முதல் வரிசையில் மாமா நிமிர்ந்து கோட்டைச் சரிசெய்தார். அக்கா கண்ணைத் திறந்தாள். மாடத்தைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள், சத்தமாகச் சிரித்தாள். பிறகு அப்பாவின் காதில் என்னவோ சொன்னாள்.

“போலாம்ப்பா” என்று சொன்னாளாம்.

அப்பா இதற்காகத்தான் மாதக்கணக்கில் காத்திருந்தார். இரண்டு பேரும் ஒரே ஓட்டமாக, எங்கள் ஆலயத்தின் சம்பிரதாயம் துளியும் கெடாமல், முதல் வரி முடிவதற்குள் பீடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். அப்பா நிற்க மறந்து போதகர்வரை போய்த் திரும்பினார்.

போதகர் தலையாட்டினார். நான் நிறுத்தினேன். அவருடைய மைக் பெருமூச்சைக்கூட விடாது பிடிக்கிற ரகம்; அடுத்து வந்தது எல்லோருக்கும் கேட்டது.

“லீக் எதுவும் இல்ல,” என்றார் மாப்பிள்ளை, மிகுந்த திருப்தியோடு.

“மூணாவது பக்கத்துல ஒரு கால் தப்பு,” என்றாள் அக்கா. மூச்சு வாங்கியது. “கேட்டீங்களா?”

“எனக்கு நாலாவதுதான் கேட்டுச்சு.”

“ம்,” என்றாள் அக்கா. மூக்கை உறிஞ்சினாள். “எனக்கும்.”

“ஆரம்பிக்கலாமா?” என்றார் போதகர்.

“ஒரே ஒரு எடத்துலதாங்கா தப்பு!” என்று நான் மாடத்திலிருந்து கத்தினேன்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மாப்பிள்ளை பக்கம் முகத்தை வைத்தபடியே, எனக்காக மோவாயை மட்டும் ஒரு விரற்கடை மேலே தூக்கினாள். போட்டோக்காரர் பாய்ந்து வந்து தாளைத் திருப்பினார்.